களை கேட்டுப் போன வெள்ளிக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கிழமையும் இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது, இதையெல்லாம் எழுத நான் யார் என்ற கேள்வி எனக்கே வருகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரமாக நிற்கிறவள். போன கிழமை தமிழ்க்கடையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். ஓர் அம்மா இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதிலை எழுதிற சுகந்தி நீங்களோ?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லி, வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா இதை வாசித்தால், அது நான்தான். குறை நினைக்க வேண்டாம்.

இந்தக் கிழமை ஆமை பற்றி. அதற்கும் ஒரு மன்னிப்பு. ஆமை வீட்டுக்கு வருவதைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்வதற்கென்றே ரொறன்ரோவில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். அவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். ஆகவே நாங்கள் நேரே எங்கள் வீட்டுப் பின்வளவுக்குப் போவோம்.

துப்புரவான வளவு

போன வருடம், வெயில் தொடங்கிய நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, எழும்பிவந்து குசினிக் கதவைத் திறந்து பின்பக்கம் பார்த்தேன். வளவைக் காணவில்லை.

அதாவது வளவு இருந்தது. அதில் இருந்ததைக் காணவில்லை. முதல் நாள் வரை பச்சையாய்க் கிடந்த நிலம் கறுப்பாய்க் கிடந்தது. ஒரு புல் இல்லை, ஓர் இலை இல்லை. ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிய கோடுகள் விசிறி விசிறியாக வேலி வரைக்கும் போயிருந்தன. தூசி எழும்பாமல் தண்ணீரும் தெளித்திருந்தது. ஈர மண் மணந்தது.

இவர், அதுதான் என் கணவர் மோகன், விளக்குமாற்றோடு நின்றார். தன் கால் பட்ட இடத்தையும் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

"எப்பிடி இருக்கு?"

"இதிலை நிண்டது எங்கை?" என்றேன்.

"எல்லாம் பிடுங்கியாச்சு. நேற்று நீர் பின்னேர ஷிப்டுக்குப் போன உடனை தொடங்கினனான். ஒரு வேர் மிச்சமில்லை. வாற மனுசி கண்ணாடி போட்டுத் தேடினாலும் ஒரு புல்லு எடுக்கேலாது."

"பிடுங்கினதை எங்கை போட்டனீங்கள்?"

"குப்பைத் தொட்டிக்குள்ளைதான். இண்டைக்குத் தோட்டக் குப்பை எடுக்கிற நாளெல்லே. விடிய லொறி வந்து கொண்டு போட்டுது. நல்ல காலம்."

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெண் வர இருந்தார். எங்கள் வளவில் ஓர் ஆமை வாழ முடியுமா என்று பார்க்க வருகிறவர். ஆமையின் சாப்பாடு களை. அந்தக் களையை நான் மாதக் கணக்காக வளர்த்திருந்தேன்.

நார்மன் என்ற பெட்டை

நான் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் வேலை செய்கிறேன். எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். காலையில் போகும் வீடுகளில் ஒன்று லென் என்பவருடையது. முன்பு பஸ் ஓட்டியவர். மனைவி இல்லை. கதை பேச்சு மிகவும் குறைவு. வந்தால் "மோர்னிங், சூ". போனால் "தாங்ஸ், சூ". சுகந்தி என்ற பெயரில் அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். எனக்கு அது வசதியாக இருந்தது. மற்ற வீடுகளில் ஏதாவது கதைக்க வேண்டுமே என்று வாசலிலேயே சொல் தேடிக்கொண்டு நிற்பேன். லென் வீட்டில் தேத்தண்ணீர்க் கேத்தில் மட்டும் சத்தம் போடும்.

அவரிடம் ஓர் ஆமை இருந்தது. கவிழ்த்து வைத்த சோற்றுச் சட்டி அளவு. பெயர் நார்மன், ஆம்பிளைப் பெயர். வெயில் காலத்தில் பின்கதவு திறந்திருந்தால் குசினி வாசலுக்கு வந்துவிடும். நகங்கள் தரையைச் சுரண்டும் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். லென்னுக்குக் குனிய ஏலாது. ஆகவே அதற்குப் புல் பிடுங்கிப் போடுவது என் வேலையாயிற்று.

மஞ்சள் பூப் பூத்து, பிறகு வெள்ளைப் பஞ்சாகப் பறக்கும் ஒரு களை இந்த நாடு முழுக்க இருக்கிறதே, டேண்டிலயன் என்பார்கள், அதுதான் நார்மனுக்கு உயிர். பூவைத்தான் முதலில் தின்னும். வாய்க்குள் நாக்கு ரோஸ் நிறம். கடித்து இழுக்கும்போது கழுத்து நீண்டு, பல்லில்லாத பெரியவர் பாண் பிய்ப்பது போல இருக்கும். அதைப் பார்க்கிற இரண்டு நிமிடமும் அடுத்த வீட்டை நான் மறந்துவிடுவேன்.

ஒரு நாள் நார்மன் மண்ணைத் தோண்டி முட்டை இட்டது. லென் கதிரையில் இருந்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "இனிப் பெயரை மாற்றி என்ன செய்ய" என்றார். அவர் என்னோடு கதைத்ததில் நீளமான வசனம் அதுதான்.

பிறகு அவர் விழுந்தார். வடக்கே இருக்கும் மகள் வந்து தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். மகள் இருப்பது நாலாம் மாடியில். வளவு இல்லை. நார்மன், ஆமைகளைப் பொறுப்பெடுக்கும் ஒரு சங்கத்திடம் போனது. போக முன் லென் அவர்களிடம் சொன்னாராம், காலையில் வருகிற சூ விரும்பினால் அவளுக்கே கொடுங்கள் என்று.

சங்கத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வளவைப் பார்த்துவிட்டுத்தான் தருவோம், ஒரு முறைதான் வருவோம் என்றார்கள். கென்ட் பக்கத்தில் பெரிய தோட்டத்தோடு ஒரு குடும்பம் காத்திருக்கிறது, அவர்களின் தோட்டம் சரியென்று முடிந்துவிட்டது, உங்களுடையது சரியில்லை என்றால் நார்மன் அங்கே போகும் என்றும் சொன்னார்கள்.

நான் ஓம் என்றேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஓம் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பலகையும் பிரிட்ஜும்

"ஆமையோ?" இவர் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து நிமிர்ந்தார். "ஒரு கோழி வளர்த்தாலும் முட்டை போடும்."

"இதுவும் போடும்."

"பேர் என்னெண்டு சொன்னீர்?"

"நார்மன்."

"நார்மன் முட்டை போடுமோ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் சோற்றைக் குழைத்தார். "இந்த நாட்டிலை எல்லாம் நடக்கும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் அளவு நாடாவோடு வளவில் நின்றார்.

இவர் பார்சல் டிப்போ ஒன்றில் வேலை செய்கிறார். எந்த வேலையை எடுத்தாலும் தேவைக்கு மேலால் செய்யும் மனிதர். ஆமை மண்ணைத் தோண்டி வேலிக்குக் கீழால் போய்விடும் என்று நான் சொன்னதுதான் தாமதம். வேலி என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும்தானே. வேலியோரம் முழுக்க வாய்க்கால் போலக் கான் வெட்டி, தடித்த பலகைகளை முழங்கை ஆழத்துக்கு இறக்கி, மண்ணை இடித்து இறுக்கினார்.

"பக்கத்து வீட்டான்ரை காணியிலை ஒரு விரலும் போகேல்லை, வந்து பாரும்."

பக்கத்து வீட்டில் இருப்பது ருமேனியாவில் இருந்து வந்து வாடகைக்கு இருக்கும் ஒரு பெடியன். காணிச் சண்டை பிடிக்க அவனுக்கு நேரம் இல்லை.

அடுத்தது பிரிட்ஜ். மாரி முழுக்க ஆமை நித்திரை கொள்ளும். இந்த நாட்டில் பலர் அதை ஒரு பெட்டியில் வைத்து, குளிரை அளந்து, பிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார்கள். லென் வீட்டில் பாலுக்கு ஒரு பிரிட்ஜ், நார்மனுக்கு ஒரு பிரிட்ஜ். எங்கள் வீட்டுக் கராஜிலும் இரண்டாவது பிரிட்ஜ் இருக்கிறது. அது எதற்கென்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"என்ரை நண்டுக்குப் பக்கத்திலையோ வைக்கப்போறீர்?"

"இல்லை, இதுக்குத் தனிப் பிரிட்ஜ் வேணும்."

"அது நல்லது. நண்டு பாவம்."

தெரிந்தவர் ஒருவரின் கடையில் கழித்துவிட்ட சின்னப் பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து, கழுவி, உள்ளே வெப்பமானியும் கட்டினார். அதைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, "என்னை விட வசதியாய் இருக்கப்போகுது" என்றார்.

இப்படி எல்லாம் சொன்ன நான், களையை மட்டும் சொல்லவில்லை. பனி விட்டதில் இருந்து புல்வெட்டும் மெஷினை எடுக்க விடாமல் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய் வரும் வழியில் டேண்டிலயன் பஞ்சைப் பிடுங்கி, கோட் பொக்கற்றில் கொண்டுவந்து வளவில் ஊதினேன். மூன்று மூன்று இலையாக வரும் குளோவர் புல்லை ஒரு மூலையில் பரவ விட்டேன். இவர் வேலைக்குப் போன பிறகு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது?

யன்னலோரம் ஒரு தட்டில் கீரை விதையும் போட்டிருந்தேன். ஆமைக்குச் சாப்பாடு அதுதான் என்று இவர் நினைத்திருந்தார். வேலையால் வந்து நான் களைத்துப் போவதால்தான் வளவு காடாகிவிட்டது என்றும் நினைத்திருந்தார். ஆள் வருகிறதென்றால் வளவு கூட்டியிருக்க வேண்டும். கலியாணத்துக்கு வந்தாலும் செத்தவீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். அதை எங்களில் ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. முதுகு வலிக்காரர், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் இருட்டும் வரைக்கும் குனிந்து நின்று பிடுங்கியிருக்கிறார்.

ஆகவே நான் சத்தம் போடவில்லை. குசினிப் படியில் குந்திவிட்டேன்.

"அதுதான் அதின்ரை சாப்பாடு" என்றேன்.

இவர் விளக்குமாற்றைப் பார்த்தார். வளவைப் பார்த்தார். "புல்லோ?"

"களை."

"உதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"வெக்கமாய் இருந்தது."

இவர் பக்கத்தில் வந்து இருந்தார். "கவலைப்படாதையும். காரை எடுக்கிறன், தோட்டச் சாமான் கடையிலை வாங்குவம்."

அந்தக் கடை எனக்குத் தெரியும். அங்கே களை விற்பதில்லை. களையைச் சாகடிக்கும் மருந்துதான் விற்கிறார்கள்.

"அப்ப ஆரிட்டையும் கேக்க வேணும்" என்று இவர் எழும்பினார். "நீர் இரும். நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

என் வாய்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் கதைத்தார். நான் ஒரு வரி சொன்னால் அவர் நாலு வரி சொல்வார். கலியாணத்துக்குப் பிறகு இவர் கதைத்தார். மகள் வளர்ந்த பிறகு மகளும் கதைத்தாள். பள்ளிக்கூடம், வங்கி, கவுன்சில், எங்கே போனாலும் நான் பக்கத்தில் நின்று தலையாட்டினால் போதும். ஒரு முறை எனக்கு வயிற்று வலி வந்து டொக்டரிடம் போனோம். எங்கே வலிக்கிறது என்று டொக்டர் கேட்டார். இவர் தன்னுடைய வயிற்றைத் தொட்டுக் காட்டினார். டொக்டர் இவரைப் படுக்கச் சொன்னார்.

அதைச் சொல்லி நாங்கள் இன்றைக்கும் சிரிப்போம். கெட்ட எண்ணத்தோடு அவர் ஒரு நாளும் செய்ததில்லை. நான் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் முந்திக்கொள்வார், நானும் விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டேன். கார் ஓட்டும் சோதனையில் மட்டும் அவர் எனக்காகப் போக முடியாது. அதில் மூன்று தரம் தவறினேன். மூன்றாம் தரம் ஓட்டியதில் பிழை இல்லை. சோதிக்க வந்தவர் ஏதோ கேட்க, திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, ஓம் என்று சொல்லிப் பிழையான தெருவுக்குள் திருப்பிவிட்டேன்.

அன்று காலை குசினிப் படியில் இருந்து யோசித்தேன். இவர் போனால் நன்றாகக் கதைப்பார். ஆனால் எந்தக் களை தின்னக் கூடியது, எது நஞ்சு என்று இவருக்குத் தெரியாது. களைக்கு மருந்து அடித்தீர்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். அதை மறந்துவிடுவார். மருந்து அடித்த இலையைத் தின்றால் நார்மன் செத்துப்போகும்.

"நீங்கள் நில்லுங்கோ. குழி வெட்டுங்கோ" என்றேன். "நான் போறன்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். போய் மண்வெட்டியை எடுத்தார்.

கதவுகள்

முதலில் ருமேனியாப் பெடியனின் வீடு. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து தலையசைத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் கதைத்ததில்லை. அவன் வாசலில் டேண்டிலயன் நிறையப் பூத்து நின்றது. மணியில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு பூனை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வெட்கப்பட்டு அழுத்தினேன்.

பல் தீட்டும் பிரஷ் வாயில் இருக்கக் கதவைத் திறந்தான். நான் அவன் வாசல் புல்லைக் காட்டினேன். நான் வாயைத் திறக்க முதலே பிரஷை எடுத்துவிட்டு, "சொறி, சொறி, இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வெட்டுகிறேன்" என்றான். முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"வெட்ட வேண்டாம், எனக்குத் தா" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. "ஆமைக்கு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான். மருந்து அடித்தாயா என்று கேட்டேன். மருந்து வாங்க யாருக்கு நேரம் என்றான். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன மண்வாரி கொண்டுவந்து தந்து, தானும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் வாசலில் எடுத்தது போதவில்லை. அடுத்து எதிர்வீட்டுச் சறோ அக்கா. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். வீட்டு உடுப்புக்கு மேலே தடித்த குளிர்க் கோட் போட்டுக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றார். தெருவில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாமல் நடப்பதில்லை.

"என்ன பிள்ளை, காலமை வெள்ளனத் தெருப் புல்லுப் பிடுங்குறாய்? வீட்டிலை சுகமில்லையோ?"

சொன்னேன்.

"ஐயோ, மோகன் காணியை மொட்டை அடிச்சுப்போட்டானோ?" என்று தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, இந்த வாசல் படலைக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கினம், கடன் கேட்டு வந்திருக்கினம். களை கேட்டு வந்த ஆள் நீதான். ஆனா என்னட்டை ஒண்டும் இல்லை. பார், முழுக்கச் சீமெந்து."

"சரி அக்கா, நான் வாறன்."

"நில்லு. மூலை வீட்டு மனுசன்ரை வளவு பெரிய காடு. வா, கூட்டிக்கொண்டு போறன். ஆனா நீதான் கதைக்க வேணும். என்ரை இங்கிலீஷ் எனக்கே விளங்காது."

மூலை வீட்டில் இருப்பவர் தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரர். அவர் யாரோடும் கதைத்ததை நான் பார்த்ததில்லை. மணி அடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. கையில் பையோடு நிற்கும் இரண்டு பெண்களைப் பார்த்தார். "எனக்கு மதம் ஒன்றும் வேண்டாம், நன்றி" என்றார். கதவு மூடியது.

"போவம் அக்கா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திரும்ப அடி."

"ஏலாது அக்கா."

"அப்ப கென்ட்காரனுக்குக் குடு ஆமையை."

உண்மையாகவே என் கால் படலைப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த மனிதரின் வளவு முழுக்கக் குளோவர் கம்பளம் போல விரிந்து கிடந்தது. டேண்டிலயன்கள் கத்தரிச் செடி அளவுக்கு வளர்ந்திருந்தன. நார்மன் அதற்குள் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்தேன். திரும்பிப் போய் மணியை அடித்தேன். கதவு திறக்க முதலே சொல்லத் தொடங்கிவிட்டேன்: டேண்டிலயன், ஆமை, இரண்டு மணி, என் கணவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்.

இந்த முறை கதவு முழுக்கத் திறந்தது. "எல்லாவற்றையுமா?" என்றார் அவர்.

"எல்லாவற்றையும்."

அவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய் ஒற்றைச் சில்லு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். என் வளவைப் பார்த்தால் அடித்தவன் மாதிரியா இருக்கிறது என்றார். குளோவரை மண்ணோடு சேர்த்துப் பாளம் பாளமாக வெட்டி எடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்தார். ஓர் ஓரத்தில் ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூத்து நின்ற செடியையும் அவர் எடுக்கப் போனார். அது ஆமைக்கு நஞ்சு, வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு நான் சொல்லி, அவர் கையை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த வரவைச் சொல்ல வேண்டும். முன்னால் சறோ அக்கா, தேர் வருகிறது விலகுங்கோ என்கிற மாதிரி. பின்னால், எங்களைத் தேடி வந்து, களை நிரம்பிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ருமேனியாப் பெடியன். பக்கத்தில் இரண்டு பை நிறைய டேண்டிலயனோடு நான். கார் ஒன்று நின்று எங்களுக்கு வழி விட்டது. நான் தலையைக் குனியவில்லை.

வளவில் இவர் வரிசையாகக் குழி வெட்டி வைத்திருந்தார். கூட்டிய கோடு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரும் குனிந்து நட்டோம்.

"மோகன், முன்னுக்கும் புல்லு முளைச்சிருக்கு. அதையும் பிடுங்கி விடன்" என்றார் சறோ அக்கா.

"சும்மா இருங்கோ அக்கா" என்றார் இவர். நிமிரவே இல்லை.

பெவர்லி

இரண்டு மணிக்கு வந்தவரின் பெயர் பெவர்லி. பருத்த உடம்பு, நோகிற முழங்கால், சேறு காய்ந்த பூட்ஸ். வெள்ளிக்கிழமை என்பதால் என் கணவர் மரக்கறி ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தார். தட்டை நீட்டினார். முதலில் வளவைப் பார்ப்போம் என்றார் பெவர்லி.

பலகைகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். எவ்வளவு ஆழம் என்று என்னைக் கேட்டார். இவர் பதில் சொன்னார். மாரியில் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டார். இவர் ஓடிப்போய்ப் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். நான் நின்று தலையாட்டினேன். காலையில் மூன்று வாசலில் கதைத்த என் வாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெவர்லி ஒரு டேண்டிலயனுக்குப் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். இலைகள் வாடி நிலத்தில் கிடந்தன. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இவற்றை எப்போது வைத்தீர்கள்?"

"அது போன வருடத்தில் இருந்தே நிற்குது மேடம்" என்றார் இவர். "தானாக முளைத்தது. இயற்கை."

பெவர்லி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இவர் அப்படிச் சொன்னது எனக்காகத்தான். ஆனால் அந்தப் பொய்யில் நார்மன் கென்டுக்குப் போகப்போகிறது என்று எனக்கு விளங்கியது.

"நீங்கள் கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ" என்று இவருக்குத் தமிழில் சொன்னேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அப்படி ஒரு வசனம் நான் சொன்னதில்லை. இவர் ரோல்ஸ் தட்டோடு அப்படியே நின்றார்.

பிறகு பெவர்லிக்குச் சொன்னேன். என் இங்கிலீஷை இங்கே எழுத மாட்டேன். இன்று காலைதான் வைத்தோம் என்றேன். நான் வளர்த்த களையை நீங்கள் வருகிறீர்கள் என்று இவர் பிடுங்கிவிட்டார், எங்கள் ஆட்கள் விருந்தாளி வந்தால் வளவைக் கூட்டுவார்கள், உங்களுக்கு மரியாதை செய்ய நினைத்தார், பிழை அவருடையதல்ல, நான் அவருக்குச் சொல்லவில்லை. இது பக்கத்து வீட்டுக் களை, அது மூலை வீட்டுக் களை, இரண்டு வீட்டிலும் மருந்து அடிக்கவில்லை, கேட்டேன். நார்மன் முதலில் பூவைத்தான் தின்னும், ஆகவே பூவோடு நின்றதைத் தெரிந்தெடுத்தேன். இடையில் சொல் வராமல் இரண்டு இடத்தில் நின்றேன். இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சொல் வரும் வரைக்கும் பெவர்லி காத்திருந்தார். வந்தது.

முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

பெவர்லி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "ஆமைக்கு ஏதாவது பிழை நடந்தால் மறைக்காமல் எனக்குப் போன் செய்து சொல்வீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். "சொல்வீர்கள் போலத்தான் இருக்கிறது." பிறகு, டேண்டிலயன் வேரில் ஒரு துண்டு மண்ணில் கிடந்தாலும் போதும், திரும்ப முளைத்துவிடும், அதை முழுதாகப் பிடுங்கிய மனிதன் இல்லை என்றார்.

"ஒரு வேரும் மிச்சமில்லை" என்று இவர் தமிழில் முணுமுணுத்தார். கொஞ்சம் மனவருத்தம்.

"நாளைக்குக் கொண்டுவரலாமா?" என்றார் பெவர்லி. "ஒரே ஒரு நிபந்தனை. அந்த விளக்குமாற்றைப் பூட்டி வையுங்கள்."

சோதனை முடிவு

பெவர்லியின் கார் மூலை திரும்ப முதலே சறோ அக்கா தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

"பாசோ?"

"பாஸ்" என்றேன்.

எங்கள் வாசலில் நின்று நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். ஊரில் சோதனை எழுத வேண்டிய வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சண்டையால் இடம்பெயர்ந்த சனம் இருந்தது; நான் சோதனை எழுதவில்லை. இங்கே கார்ச் சோதனையின் கதையைச் சொல்லிவிட்டேன். ஆகவே பாஸ் என்ற சொல்லை என்னைப் பற்றி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ருமேனியாப் பெடியன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினான். மூலை வீட்டுக்காரரின் வண்டியை நானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாசலில் நின்று அரை மணித்தியாலம் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பெரும்பாலும் நான்தான் கதைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தார்.

"உமக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாது."

"அப்ப இனி கவுன்சிலுக்கு நீர்தான் போன் எடுக்க வேணும். அவங்கள் ஒரு மணித்தியாலம் பாட்டுப் போடுவாங்கள்."

"எடுக்கிறன்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, மழை. பின்னேரம் நார்மனை ஓர் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து விட்டார்கள். பலகையோரமாக வளவை ஒரு சுற்றுச் சுற்றியது. புது இடம் என்பதாலோ என்னவோ, ஒன்றும் தின்னவில்லை. எனக்கு ஆறு மணிக்கு ஷிப்ட் இருந்தது. போய்விட்டேன்.